ஒன்றரை வேகத்தில் ஒரு குரல்

அக்காவின் இயர்போனில் இடது பக்கம் மட்டும்தான் பேசும். வலது பக்கம் எப்போதோ செத்துவிட்டது. புதிது வாங்கிக்கொள் என்றால், "இதுவே வசதிடா. ஒரு காது படிப்புக்கு, ஒரு காது வீட்டுக்கு" என்பாள். செத்த பக்கத்தைக் கழுத்தருகே தொங்கவிட்டு, உயிருள்ள பக்கத்தைச் செருகிக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள், துணி மடிப்பாள், வாளி நிறையும்வரை குழாயடியில் நிற்பாள். வாளி நிறைந்து வழிந்த பிறகும் நிற்பாள். வீட்டுக்கென்று விட்ட காதும் பாதி நேரம் வீட்டில் இருப்பதில்லை.

அவள் ஒரு மருத்துவமனையில் ஆண்கள் பொது வார்டின் பொறுப்பு நர்ஸ். நான் அதே கட்டடத்தின் அடித்தளத்தில் எக்ஸ்ரே எடுப்பவன். அக்காவுக்கும் அத்தானுக்கும் அவர்கள் மகளுக்கும் போக மிச்சமிருந்த சின்ன அறையில் நான் தங்கியிருந்தேன். காலையில் இருவரும் ஒரே பேருந்தில் போவோம், மாலையில் ஒரே பேருந்தில் திரும்புவோம். இரண்டு பேருமே அதிகம் பேச மாட்டோம். நான் சுபாவத்தால், அவள் களைப்பால்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தது நர்ஸ்களுக்கான ஒரு பாட்காஸ்ட். நர்ஸ்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை தங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு இடையில் இத்தனை மணி நேரம் படித்திருக்கிறேன் என்று காட்ட வேண்டும். முன்பெல்லாம் கூட்ட அறையில் திரை கட்டி வகுப்பு எடுப்பார்களாம். பாதிப் பேர் வார்டை விட்டு வர முடியாது. வந்த பாதிப் பேரும் விளக்கை அணைத்த மாத்திரத்தில் தூங்கிவிடுவார்கள். இப்போது எல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. ஒரு பகுதியைக் கேட்டு முடித்தால் சில கேள்விகள் வரும். சரியாகச் சொன்னால் அந்த நேரம் கணக்கில் ஏறிவிடும். பேருந்தில் கேட்கலாம், சமையலறையில் கேட்கலாம். "முன்னாடி படிக்க நேரமில்லைன்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டோம். இப்ப அதுக்கும் வழியில்லை" என்பாள் அக்கா.

மணிக்கணக்கு சேராதவர்களை நோயாளிகள் பக்கம் விட மாட்டார்கள். லினன் ரூமில் போட்டுவிடுவார்கள். அக்காவோடு வேலைக்குச் சேர்ந்த ஒரு தோழியை அப்படித்தான் போட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஒரு டியூப் லைட், கூரை வரைக்கும் படுக்கை விரிப்புகள், பசை போட்டுத் தேய்த்த துணியின் வாசம். அந்தத் தோழி தலையணை உறை குறைகிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு அடிக்கடி வார்டுக்கு வருவாள். உறைகளை எண்ணமாட்டாள். ஏதாவது ஒரு கட்டிலின் கால்மாட்டில் போய் நின்று, படுத்திருப்பவரின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவாள். அக்கா அதைப் பார்த்த நாளிலிருந்துதான் இயர்போனைக் கழற்றாமல் ஆனாள். "என்னை எங்க வேணா போடட்டும். கட்டில் இல்லாத எடத்துல போட்டா செத்துருவேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அவள் பெரிய வார்த்தைகள் பேசுகிறவள் அல்ல.

அந்த பாட்காஸ்ட்டை நடத்துகிறவர் வயதான ஒரு நர்ஸ் ஆசிரியை. எங்கள் வீட்டில் அவருக்கு 'அந்தம்மா' என்றே பெயர். சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக அக்கா ஒன்றரை வேகத்தில் வைத்துத்தான் கேட்பாள். அந்த வேகத்தில் அந்தம்மா மூச்சே வாங்காமல் பேசுவார். வீட்டில் எல்லோரும் கவிழ்ந்து கிடக்கும் மாலையில் இயர்போனிலிருந்து கசியும் அவர் குரல் மட்டும் அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டு வந்தது போல் இருக்கும். "இந்தம்மாவுக்கு மட்டும் களைப்பே வராதாடா?" என்று அக்கா பொறாமையாகக் கேட்பாள்.

அத்தான் லிப்ட் மெக்கானிக். கிரீஸ் போகாத நகங்களோடு மேசையில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கும்படி புலம்புவார். "உங்கக்கா என்கிட்ட கடைசியா பேசினது போன மாசம். 'மூச்சு விடக் கஷ்டமா இருக்கா, எப்பேர்ந்து'ன்னு கேட்டா. பரவாயில்லையே, நம்மளையும் விசாரிக்கிறாளேன்னு, 'மாடிப்படி ஏறினா மட்டும் கொஞ்சம்'னு சொன்னேன். அப்புறம் பாத்தா அது அந்தம்மா சொல்லிக்குடுத்த கேள்வி. இவ கூடவே சொல்லிப் பாத்திருக்கா." பள்ளி இறுதி வகுப்பில் இருந்த மகள் அம்மாவைக் கூப்பிட்டுச் சலித்து, பக்கத்து அறையிலிருந்து போனில் செய்தி அனுப்ப ஆரம்பித்திருந்தாள். "நானும் பாட்காஸ்ட்ல வந்தாத்தான் கேப்பியாம்மா?" என்று ஒரு செய்தி. அக்கா அதை இரண்டு நாள் கழித்துப் பார்த்துவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு எனக்குக் காட்டினாள்.

அவளுடைய குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எதையும் நடுவில் தொடங்க மாட்டாள். படம் போட்டுப் பத்து நிமிடம் ஆகிவிட்டது என்றால் பார்க்கவே மாட்டாள். தட்டில் ஓர் ஓரத்திலிருந்து ஆரம்பித்து மறு ஓரத்தில் முடிப்பாள். பாட்காஸ்ட் பட்டியலில் புதியது மேலே இருக்கும், பழையது அடியில் கிடக்கும். அக்கா முதல் நாளே, ஒரு தேநீர் ஆறிப்போகும் நேரம், கட்டை விரலால் தள்ளித் தள்ளி அடிமட்டத்துக்குப் போய்விட்டாள். அந்தம்மா முதன்முதலாகப் பேசிய பகுதியிலிருந்து தொடங்கினாள். அதற்குப் பிறகு ஒன்றையும் தாண்டாமல் மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். பழையதோ புதியதோ, மணிக்கணக்கில் எல்லாம் ஒன்றுதான். யாரும் தேதியைக் கேட்பதில்லை.

வார்டில் அவளுக்குக் 'காது சிஸ்டர்' என்று பெயர். மேசையில் உட்கார்ந்தபடியே எந்தக் கட்டிலில் மருந்துப் பாட்டில் தீரப்போகிறது, யாருடைய மூச்சில் சளி கட்டுகிறது என்று சொல்வாள் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் அந்தப் பெயரை அவள் மறுத்ததில்லை. பாராட்டு அதிகம் கிடைக்காத வேலையில் கிடைத்த ஒன்றை யார்தான் விடுவார்கள்.

அந்த வார்டில் இன்னொரு நர்ஸ் இருந்தாள். அவளை எல்லோரும் 'புதுசு' என்றே கூப்பிடுவார்கள். வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அவளுக்குப் பிறகு யாரையும் வேலைக்கு எடுக்காததால் அவள் இன்னும் புதுசுதான். சொன்னதைச் செய்வாள், ஆனால் செய்வதற்கு முன் ஒரு கணம் நிற்பாள். அந்த ஒரு கணம் அக்காவுக்கு எரிச்சல். "இந்தப் பொண்ணு என்னை முழுசா நம்பறதில்லடா" என்று சொல்லியிருக்கிறாள்.

நான் சொல்ல வந்த நாளின் காலையில், பேருந்தில் உட்கார்ந்ததும் அக்கா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி. மணிக்கணக்கு முடிந்துவிட்டது. பதிவு புதுப்பித்தாகிவிடும். லினன் ரூம் இல்லை. ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, நிறுத்தம் வரும்வரை வாயைத் திறந்தபடி தூங்கினாள். காதில் அந்தம்மா பேசிக்கொண்டே வந்தார்.

அன்று வார்டில் நடந்ததை நான் பிற்பாடு அக்கா, புதுசு இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. அதுவே எனக்கு ஆச்சரியம்.

பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் படுத்திருந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர். பேச்சு போய்விட்டது, விழுங்கவும் முடியாது. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டு, அதில்தான் ஆகாரம். விடிகாலையில் அவரே அதை இழுத்து எறிந்துவிட்டார். புதுசு வேறொரு குழாயைப் போட்டாள். அது வயிற்றுக்குத்தான் போயிருக்கிறதா என்று பார்க்க, ஊசிக் குழலால் உள்ளே இருப்பதைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, ஒரு சின்னக் காகிதப் பட்டையில் தொட்டுப் பார்ப்பார்கள். வயிற்றின் அமிலம் பட்டால் பட்டையின் நிறம் மாறும். அவள் எத்தனை முறை உறிஞ்சியும் ஒன்றும் வரவில்லை.

அக்கா வந்தாள். அவளுடைய வழி வேறு. குழாய்க்குள் கொஞ்சம் காற்றை அடித்து, ஸ்டெதஸ்கோப்பை வயிற்றின் மேல் வைத்துக் கேட்பாள். களகளவென்று சத்தம் வந்தால் குழாய் சரியான இடத்தில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். அன்றும் கேட்டாள், சத்தம் வந்தது. ஆகாரத்தைக் கொடுக்கச் சொன்னாள். புதுசு ஆகாரம் இருந்த ஜக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமே உறிஞ்ச வரலை சிஸ்டர். ஒரு எக்ஸ்ரே எடுத்துரலாமா?"

"நான்தான் கேட்டுட்டேனே."

"கேட்டா மட்டும் போதாதாம் சிஸ்டர்."

"யாரு சொன்னா?"

"பாட்காஸ்ட்ல."

"எந்த பாட்காஸ்ட்ல?"

புதுசு அந்தம்மாவின் பெயரைச் சொன்னாள். அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்ததாம். "அந்தம்மாவே இப்படித்தானே பாக்கச் சொல்றாங்க. போன வாரம்கூட கேட்டேன்."

"நானும் போன வாரம்தான் கேட்டேன் சிஸ்டர்."

ஒரே குரல் இரண்டு பேர் காதிலும் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது. கட்டிலின் அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மனைவி, இவள் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பிடுங்கிக்கொண்டு தானே ஊற்றியிருக்கலாம். ஜக்கைப் பிடித்திருந்த புதுசின் கை நடுங்கியதைப் பார்த்தேன் என்றாள் என்னிடம். நடுங்கிக்கொண்டே ஒருத்தி விடாமல் பிடித்திருந்தால், அதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியதாம். ஆனால் வாயில் வந்தது வேறு. "சரி, கீழ கொண்டு போ. படத்துலயும் அதேதான் வரும்" என்றாள். அதோடு, எப்போதும் வராதவள், கட்டிலோடு சேர்ந்து அவளே லிப்டில் இறங்கி வந்தாள்.

என் அறையில் சத்தம் கிடையாது. இயந்திரம் மெல்ல உறுமும், அப்புறம் ஒரு 'டிக்'. அவ்வளவுதான். வெளியே எவ்வளவு பேசுகிறவர்களும் அந்த அறைக்குள் வந்தால் குரலைத் தணித்துக்கொள்வார்கள். பெரியவரின் முதுகுக்குக் கீழே தகட்டைத் தள்ளும்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காகிதம் மாதிரி இருந்தது அந்தக் கை. ஊர் முழுக்கக் கடிதம் கொடுத்த கை என்று அப்போது எனக்குத் தெரியாது. விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனேன். அக்காவும் என் பின்னால் வந்து நின்றாள்.

படம் திரையில் வந்தது. விலா எலும்புகள், இதயத்தின் நிழல், நடுவே வெள்ளைக் கோடாகக் குழாய். அது நெஞ்சின் நடுவே நேராக இறங்கி, வயிற்றுக்குள் போக வேண்டும். இது நேராக இறங்கவில்லை. மூச்சுக்குழல் இரண்டாகக் கிளை பிரியும் இடத்தில், முகவரி தவறிய மாதிரி வலப்பக்கம் திரும்பி, நுரையீரலுக்குள் போய் நின்றிருந்தது.

படத்தைப் பற்றி நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இது அவரோட படம்தானா?"

"ஆமாக்கா."

"பேரைப் பாரு."

"பாத்துட்டேன்கா."

அவள் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தாள். அது முழுதும் உள்ளே போகாமல் வெளியே தொங்கியது. திரும்பத் திரும்பத் திணித்துக்கொண்டிருந்தாள்.

டியூட்டி டாக்டர் வந்தார், பார்த்தார், எடுத்துவிடச் சொன்னார். இதையெல்லாம் தினமும் பார்க்கிறவர் போலத்தான் இருந்தார். நுரையீரலுக்குள் போனாலும் சத்தம் கேட்கும், சத்தத்துக்கு அடையாளம் கிடையாது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். ஆகாரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. அங்கே இருந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அக்காவே குழாயை உருவினாள். "ஒரு இருமலாவது வந்திருக்கக் கூடாதா" என்று பெரியவரிடம் மெதுவாகச் சொன்னாள். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவருக்கு இருமும் தெம்பும் இல்லை.

மறுபடியும் புதுசுதான் குழாய் போட்டாள். இந்த முறை உறிஞ்சியதும் வந்தது, பட்டை நிறம் மாறியது. போதும்தான். ஆனாலும் அக்கா இன்னொரு படம் கேட்டாள். டாக்டரும் சரியென்றார், எடுத்தேன். கோடு நடுவில் நேராக இறங்கி, கீழே இடப்பக்கம் வளைந்து வயிற்றில் நின்றது. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார்டுக்குத் திரும்பியபோது ஜக்கில் ஆகாரம் ஆறிப்போயிருந்தது. அக்கா அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு வேறு கலக்கச் சொன்னாள். பெரியவரின் மனைவி எழுந்து வந்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாராம். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வார்டில் அதற்கென்றே பத்து வாக்கியங்கள் உண்டு.

"குழாய் தப்பான எடத்துல இருந்துச்சும்மா. நான் சரியா இருக்குன்னு சொல்லிட்டேன். இந்தப் பொண்ணுதான் நிறுத்துச்சு" என்றாள் அக்கா.

பெரியவரின் மனைவி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பல நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள். கோபப்படக்கூட ஒரு தெம்பு வேண்டும் போலிருக்கிறது.

"இப்ப சரியா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப குடுங்க. அவருக்குப் பசிக்கும்."

மதியம் மருந்து அறையில் வைத்துப் புதுசு தன் போனைக் காட்டியிருக்கிறாள். பட்டியலின் உச்சியில் அந்தப் பகுதி இருந்தது. அக்கா தன் போனில் தான் கேட்டதைத் தேடி எடுத்தாள். இரண்டிலும் அதே அந்தம்மா, அதே சிரிப்பு முகம், அதே சின்னப் படம். அடியில் தேதி மட்டும் வேறு. நடுவில் எத்தனையோ வருடங்கள். "நீங்க எங்கேர்ந்து ஆரம்பிச்சீங்க சிஸ்டர்?" என்று புதுசு கேட்க, "முதல்லேர்ந்து" என்றாள் அக்கா. "முதல்லேர்ந்துன்னா... அடியிலேர்ந்தா?" என்று கேட்டுவிட்டுப் புதுசு சட்டென்று குனிந்து மருந்துப் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தாளாம். அவள் சிரிக்கவில்லை என்பதை அக்கா பிறகும் மறக்கவில்லை.

இதை அக்கா என்னிடம் சொல்லும்போது பேருந்து சிக்னலில் நின்றிருந்தது. "நான் படிச்சுட்டுதாண்டா இருந்தேன். ஒரு நாள்கூட விடலை. படிக்கப் படிக்கப் பழசாயிட்டே போயிருக்கேன்" என்றாள். அந்தம்மாவின் பழைய பகுதியும் பொய் இல்லை. அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். வானத்தில் நாம் பார்க்கிற வெளிச்சம் எப்போதோ கிளம்பியது என்பார்களே, அந்த மாதிரி. ஆனால் களைத்திருக்கும் ஒருத்தியிடம் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசுவது அபத்தம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

புதுசு யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். ஒன்றும் ஆகவில்லை, படம் எடுத்தோம், சரிசெய்தோம், அவ்வளவுதானே என்றாள். அவள் சொன்னபடி விட்டிருந்தால் பச்சை சரிக்குறியோடு அக்கா நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அக்கா மற்ற வார்டுகளை நினைத்தாள். மாடிக்கு மாடி அவள் வயதுக்காரிகள் இருந்தார்கள். எல்லோரும் காற்றை அடித்துத்தான் கேட்டார்கள். அதில் பாதிப் பேருக்குச் சொல்லிக் கொடுத்ததே இவள்தான்.

வேலை முடிந்ததும், தலைமை நர்ஸான மேட்ரனின் அறைக்குப் போனாள். நான் வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். கதவு சாத்தியிருக்கவில்லை. மேட்ரன் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். அக்கா நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. கடைசியில், "என்னை லினன் ரூம்ல போட்டுருங்க மேடம்" என்றாள்.

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, மறுபடி போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நான் எப்படிக் கேக்கறேன்னு தெரியுமா? ஆன் பண்ணி டிராயருக்குள்ள வெச்சுருவேன். அது பாட்டுக்கு உள்ள பேசிட்டிருக்கும். கேள்வி வந்தா வீட்டுல மருமகன் டாக்டரு, அவன் தட்டிக் குடுத்துருவான்."

அக்கா அந்த டிராயரையே பார்த்தாள்.

"என் டிராயருக்கு இப்ப எல்லாம் தெரியும். எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது" என்றார் மேட்ரன். அவர் குரலில் சிரிப்பு பாதிதான் இருந்தது. "நீயாவது கேட்டிருக்க. உன்னை லினன் ரூம்ல போட்டா அந்தத் துணி மேல படுத்து நீ தூங்கிருவ. எனக்குத் தூங்காத ஆளு வார்டுல வேணும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்குக் காலைல எல்லா வார்டு பொறுப்பும் இங்க வருவாங்கல்ல. இனிமே காத்தடிச்சுக் கேக்கறது கிடையாது. அதை நான் சொன்னா உத்தரவுன்னு முணுமுணுத்துட்டுப் போயிருவாங்க. நீ சொல்லு."

"நானா மேடம்?"

"காது சிஸ்டர் சொன்னாத்தான் கேப்பாங்க."

பேருந்தில் அன்று அக்கா இயர்போனை மாட்டவில்லை. தூங்கவும் இல்லை. லினன் ரூமுக்குப் போகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டாள் என்று தோன்றியது. வீட்டில் அத்தான், அந்தம்மா லீவா என்று கேட்டார். அக்காவின் முகத்தைக் கண்டதும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். மகள் மட்டும், தான் கூப்பிட்ட முதல் தடவையே அம்மா இன்று திரும்பிப் பார்த்ததாகச் சொல்லி, உடம்பு சரியில்லையா என்று என்னிடம் விசாரித்தாள்.

மறுநாள் காலை மேட்ரன் அறையில் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா சொன்னதைப் புதுசுதான் எனக்குச் சொன்னாள். அவளையும் மேட்ரன் வரச் சொல்லியிருந்தார். அக்கா எழுதி வைத்துப் படிக்கவில்லை. பெரியவரைப் பற்றி, சத்தத்தைப் பற்றி, படத்தைப் பற்றிச் சொன்னாள். நான் கேட்டேன், நல்லாவே கேட்டுச்சு, ஆனா குழாய் நுரையீரல்ல இருந்துச்சு என்றாள். யாரோ ஒரு மூத்த நர்ஸ், அப்படியானால் இத்தனை வருடம் நாம் கேட்டதெல்லாம் என்ன என்று கேட்டிருக்கிறார்.

"இத்தனை வருஷம் அதிர்ஷ்டம்" என்றாளாம் அக்கா. "எனக்கு நேத்தோட அது தீந்துருச்சு."

வாசலருகே, தலையணை உறைக் கட்டை அணைத்துக்கொண்டு அந்த லினன் ரூம் தோழியும் நின்றிருந்தாளாம். அவளை யாரும் கூப்பிடவில்லை. வெளியே வரும்போது அக்காவின் கையைப் பிடித்து, அந்தப் பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டாள். அக்கா அவளை வார்டுக்கே அழைத்துப் போய்க் காட்டினாள்.

அன்று மாலை பேருந்தில் இடம் கிடைத்தது. அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இயர்போனைப் பிரித்தாள். பட்டியலை அடியிலிருந்து மேலே தள்ளிக்கொண்டே போனாள். வழியில் கேட்காத எத்தனையோ பகுதிகள் அவள் விரலுக்குக் கீழே ஓடின. ஒவ்வொன்றையும் தாண்டுவது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உச்சிக்குப் போனதும், புதுசு காட்டிய பகுதியைத் தொட்டாள். தொட்டுவிட்டு, வேகத்தைக் குறைக்க எங்கே அமுக்க வேண்டும் என்று கேட்டாள். ஒன்றரையை ஒன்றாக்கிக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கேட்டாள். நெற்றி சுருங்கியது. காதிலிருந்து கழற்றி என் பக்கம் நீட்டினாள்.

"கேளு."

நான் வாங்கிச் செருகிக்கொண்டேன். வீட்டில் காற்றோடு வந்து போகும் குரல்தான், ஆனால் எனக்கு அடையாளமே தெரியவில்லை. நிதானமாக, வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று, தண்ணீர் குடிக்கும் சத்தத்தோடு ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார். முன்பு ஒரு பகுதியில் காற்றடித்துக் கேட்கும் முறையைத் தானே சொல்லிக் கொடுத்ததாகவும், அதை இப்போது திரும்பப் பெறுவதாகவும் சொன்னார். அப்புறம் ஒரு பெருமூச்சு. அதை யாரும் வெட்டி எடுக்கவில்லை.

இயர்போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அந்தம்மாவும் களைச்சுதாண்டா போயிருக்காங்க. நான்தான் விரட்டி விரட்டிக் கேட்டிருக்கேன்" என்றாள் அக்கா.

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பல மாதங்களாக இல்லாத ஏதோ ஒன்று இருந்தது. நிம்மதி என்று சொல்ல முடியாது. துணை கிடைத்த மாதிரி. மறுபடி செருகிக்கொண்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் வாய் திறந்துகொண்டது. இயர்போன் காதிலிருந்து நழுவித் தோளில் விழுந்தது. அங்கே கிடந்தபடி, எறும்புக்குச் சொல்கிற அளவுக்கு, அந்தம்மா பேசிக்கொண்டிருந்தார்.

அவள் கையிலிருந்து போனை மெல்ல உருவி, அதை நிறுத்தினேன். அவள் விட்ட இடம் அப்படியே இருக்கட்டும்.